மருத்துவக் கல்லூரிப் பேட்டிக்கு எதை உடுத்திச் செல்வது?

நீட் தேர்வின் முடிவுகள் வெளியாகிச் சில வாரங்கள் கழிந்ததும், புனே நகரிலுள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியிலிருந்து மாணவர் சிலருக்குப் பேட்டிக்கான அழைப்பு வருகிறது. தில்லி, மும்பை, கொல்கத்தா, நாகபுரி முதலிய நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளுக்கும் அவ்வழைப்பு வருவதுண்டு. வந்த அன்று வீடு விழாக்கோலம் பூணும். மறுநாள் காலையிலேயே ஒரு வினா எழுந்துவிடும்: பிள்ளைக்கு எதை உடுத்தி அனுப்புவது? தந்தையார் கோட்டு தைக்கக் கடன் வாங்கலாமா என்று கணக்குப் போடுவார். தாயார் பெட்டியிலிருக்கும் பட்டுப் புடவையை எடுத்துப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர், நெற்றியில் திருநீற்றுடன் போனால் 'மதராஸி' என்று ஒதுக்கிவிடுவார்களே என்று தம் பங்குக்கு அச்சமூட்டுவார்.

இவ்வினா அற்பமானதன்று. இதனுள் பணமும் இருக்கிறது, மானமும் இருக்கிறது. அக்கல்லூரியில் இடம் பெற்றவர்கள் கல்விக் கட்டணமின்றி மருத்துவம் பயின்று, பின்னர் ஆயுதப்படைகளில் அலுவலராகப் பணியாற்றும் கடப்பாடு உடையவர்கள். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது வாழ்க்கையையே மாற்றக்கூடிய வாய்ப்பு. அத்தகைய வாய்ப்பின் வாயிலில் நிற்கும்போது, எல்லாமே ஒரு சட்டையைப் பொறுத்ததுபோல் தோன்றுவது மனித இயல்பே. தோன்றுவது எந்த அளவுக்கு உண்மை என்பதைத்தான் நாம் இங்கே சற்று ஆராயப் போகிறோம்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிவிடுதல் நலம். மருத்துவக் கல்லூரி என்றாலே பேட்டி உண்டு என்று மூத்த தலைமுறையினர் பலர் இன்றும் எண்ணுகின்றனர். அவர்கள் காலத்தில் அது மெய்யே. தமிழ்நாட்டில் 1984-இல் நுழைவுத் தேர்வு புகும்வரை, மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் பேட்டி மதிப்பெண்ணுக்குப் பெரும் பங்கு இருந்தது. 1970-71ஆம் கல்வியாண்டுச் சேர்க்கை குறித்து உச்ச நீதிமன்றம்வரை சென்ற பெரியகருப்பன் வழக்கில், பேட்டிக்கு 75 மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருந்தது பேசப்பட்டது. பள்ளியிலும் கல்லூரியிலும் ஆண்டுக்கணக்கில் ஈட்டிய மதிப்பெண்களுக்கு எதிரே, ஓர் அறைக்குள் நிகழும் சில நிமிடங்களுக்கு இத்துணை எடையா என்ற மனக்குறை நாடெங்கும் இருந்தது. 1980-இல் சிறீநகர்ப் பொறியியற் கல்லூரி ஒன்றைப் பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், ஒவ்வொரு மாணவரிடமும் இரண்டு மூன்று நிமிடங்களே பேசினார்கள் என்பது மாணவர் தரப்பின் முறையீடு. அக்கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், பேட்டிக்கு 50. மொத்தத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் பேட்டிக்கு ஒதுக்குதல் நெறியன்று என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரண்டு மூன்று நிமிடங்களில் ஒருவருடைய அறிவை அளப்பது அரிது; அவருடைய சட்டையை அளப்பது எளிது. ஆடையைப் பற்றிய பழைய அச்சம் இங்கிருந்துதான் பிறந்தது. அக்காலத்துப் பெற்றோரின் கவலையைப் பேதைமை என்று நம்மால் தள்ளிவிட முடியவில்லை.

இன்றோ நிலைமை வேறு. நாட்டின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளில் நீட் தரவரிசையும் கலந்தாய்வுமே இடத்தை முடிவு செய்கின்றன. பல நாள் நீடிக்கும் நேர்காணலுக்குப் பெயர்பெற்றிருந்த வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும், 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி நீட் தேர்வு முறைக்குள் வந்துவிட்டது. இளங்கலை மருத்துவப் படிப்புக்குப் பேட்டி எஞ்சி நிற்கும் இடங்களுள் தலையாயது புனேதான். 1948-இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்தில் இளங்கலைப் பிரிவு 1962-இல் ஏற்பட்டது. நீட் மதிப்பெண் கொண்டு முதற்பட்டியல் தயாரிக்கப்பெறும். அதில் இடம் பெற்றோருக்கு ஆங்கில மொழி, தருக்கம் ஆகியவற்றில் கணினி வழித் தேர்வும், உளவியல் ஆய்வும், பேட்டியும், உடற்பரிசோதனையும் உண்டு. பேட்டியில் பெறும் மதிப்பெண் தரவரிசையில் ஒரு கூறு மட்டுமே. ஆயினும் அருகருகே நிற்கும் இருவரை முன்பின்னாக்க அது போதும்.

இங்கு நம்மவர்க்கு உவகை தரும் செய்தி ஒன்றைக் குறிப்பிடாமலிருக்க முடியவில்லை. இந்திய விமானப் படையில் ஏர் மார்ஷல் பதவியை அடைந்த முதற்பெண்மணி பத்மாவதி பந்தோபாத்யாய் அவர்கள் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். தில்லியில் வளர்ந்து, தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியில் பயின்றவர். 1963-இல் இதே புனேக் கல்லூரியில் சேர்ந்தார். 1968-இல் விமானப் படையில் அலுவலரானார். வெளிமாநிலத் தமிழ்ப் பிள்ளைக்கு அந்த வாயில் புதிதன்று.

இனி ஆடைக்கு வருவோம். இக்காலத்து மாணவர் ஒருவர் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் வழியில் ஆடை பற்றிய இருவகைக் கட்டளைகளைச் சந்திக்கிறார். அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை. நீட் தேர்வு எழுதும் நாளில் அரைக்கைச் சட்டை அணிய வேண்டும். முழுக்கைச் சட்டைக்கும் மூடிய காலணிக்கும் பொதுவாக அங்கே இடமில்லை. இவ்விதிக்கு ஒரு வரலாறு உண்டு. 2015 மே மாதம் நடந்த அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வில், கைப்பேசிச் சில்லுகளை உள்ளாடையில் தைத்துக்கொண்டு விடைகளை வெளியிலிருந்து பெற்றோர் பிடிபட்டனர். உச்ச நீதிமன்றம் அத்தேர்வையே இரத்துச் செய்தது. சூலையில் மறுதேர்வு நடந்தபோது ஆடைக் கட்டுப்பாடு புகுந்தது. சோதனை எல்லை மீறியதும் உண்டு. 2017-இல் கண்ணூரிலும் 2022-இல் கொல்லம் மாவட்டத்திலும் மாணவியர் சிலரை உள்ளாடையைக் களையச் செய்ததாக எழுந்த புகார்கள் நாட்டையே தலைகுனியச் செய்தன. அங்கே ஆடை ஐயத்திற்குரிய பொருள்.

பேட்டியறையில் அவ்வாறன்று. அங்கே உங்களை ஐயுறுவோர் இல்லை. அறிந்துகொள்ள விரும்புவோர் இருக்கின்றனர். எதிரே அமர்ந்திருப்போர் படைத்துறை மருத்துவ அலுவலர்கள். சீருடையிலேயே வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு ஆடையின் விலை பெரிதாகத் தெரியாது. அதன் ஒழுங்கு உடனே தெரியும். பொத்தான் ஒன்று அறுந்திருப்பதையும், காலணியின் பின்புறம் மட்டும் துடைக்கப்படாதிருப்பதையும் அவர்கள் கண் தேடாமலே காணும். ஆகவே நமது கருத்து இது: ஆடையால் மதிப்பெண் ஈட்ட இயலாது. ஆனால் பொருந்தாத ஆடை, அணிந்திருப்பவரின் கவனத்தைத் திருடிவிடும். கழுத்துப்பட்டை இறுக்குகிறது, புடவை மடிப்பு நழுவுகிறது, புதிய காலணி கடிக்கிறது என்ற எண்ணத்தில் பாதி மனம் போய்விட்டால், "நீ ஏன் மருத்துவராக விரும்புகிறாய்?" என்ற வினாவுக்கு மீதிப் பாதி மனம்தான் விடை சொல்லும். உடுத்தியதையே மறந்திருக்கச் செய்யும் ஆடை எதுவோ, அதுவே பேட்டிக்கு ஏற்ற ஆடை.

இவ்வளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டால் கோட்டுக்குக் கடன் வாங்குவதா என்ற வினா தானே தீர்ந்துவிடுகிறது. வாங்க வேண்டியதில்லை. பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளை, வாழ்வில் முதன்முறையாக அன்றைக்குத்தான் கோட்டு அணிகிறான் என்பது அவன் நடையிலேயே தெரியும். மாமாவிடம் இரவல் வாங்கிய கோட்டானால் தோள் இறங்கியிருக்கும், கை நீண்டிருக்கும். வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை, கருநீலம் அல்லது சாம்பல் நிறக் கால்சட்டை, கறுப்புத் தோல் இடைவார், கறுப்புக் காலணி, அதற்கேற்ற காலுறை ஆகியவை போதும். கழுத்து டை அணியத் தெரிந்தவர் அணியலாம். தெரியாதவர் அன்று காலை கண்ணாடி முன் நின்று கற்றுக்கொள்ளத் தொடங்க வேண்டாம். சட்டைத் துணி தூய பருத்தியானால் உடலுக்கு இதம், ஆனால் ஒரு மணி நேரம் அமர்ந்தெழுந்தால் கசங்கிவிடும். டெரிகாட்டன் எனும் கலப்புத் துணி மடிப்புக் கலையாது; மழையில் நனைந்தாலும் விரைவில் உலரும். இந்தக் காரணத்தால் இப்பயணத்துக்கு மட்டும் கலப்புத் துணியையே நாம் பரிந்துரைப்போம்.

தையற்காரரிடம் கொடுப்பதானால் அழைப்பு வந்த அன்றே கொடுத்துவிட வேண்டும். "நாளை, நாளை" என்று இழுத்து இரயில் ஏறும் மாலையில் தைத்துத் தரும் தையற்காரர்கள் எம்மாநிலத்திலும் உளர். தைத்து வந்ததை ஒருமுறை துவைத்து, அணிந்து, நாற்காலியில் அமர்ந்து பார்க்க வேண்டும்; நின்று பார்த்தால் மட்டும் போதாது. பேட்டி அமர்ந்த நிலையிலேயே நடப்பது. காலணி புதிதானால் இரண்டு வாரங்களாவது வீட்டிலும் தெருவிலும் அணிந்து பழக்கியிருக்க வேண்டும்.

மாணவியர் நிலை சற்றுச் சிக்கலானது. ஏனெனில் அவர்களுக்கு அறிவுரை கூறுவோர் தொகை மிகுதி. புடவையே மங்கலம், புடவையே கண்ணியம் என்பார் ஒரு சாரார். நாள்தோறும் புடவை உடுத்திப் பழகிய பெண்ணுக்கு, கஞ்சியிட்ட பருத்திப் புடவையைவிட எடுப்பான உடை வேறில்லை என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் இக்காலத்துப் பள்ளி மாணவியருள் அவ்வாறு பழகியவர் மிகச் சிலரே. பழகாதவர் அன்று அதை உடுத்தினால், நாள் முழுவதும் கொசுவத்தைக் காப்பதே வேலையாகிவிடும். துப்பட்டாவை இருபுறமும் ஊசியிட்டு நிறுத்திய சுடிதார், வட இந்தியர் சல்வார் கமீஸ் என்பது, முற்றிலும் பொருத்தமானது. சட்டையும் கால்சட்டையும் அணியும் வழக்கமுள்ளவர்கள் அவற்றையே அணியலாம். பட்டு வேண்டா. காஞ்சிபுரத்துப் பட்டின் மேல் நமக்குள்ள அன்பு குறைவானதன்று. ஆயினும் அது திருமணப் பந்தலுக்கு உரியது. ஒலிக்கும் கொலுசு, குலுங்கும் ஜிமிக்கி, குதிகால் உயர்ந்த செருப்பு ஆகியவற்றையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுதல் நன்று. கூந்தலைப் பின்னியோ கொண்டையிட்டோ இருக்கலாம். மல்லிகைச் சரத்தை அன்று ஒருநாள் தவிர்க்கலாம் என்பது நமது எண்ணம். அழகு கருதியன்று, மணம் கருதி. அதே காரணத்தால் இருபாலாரும் வாசனைத் திரவியங்களை விலக்க வேண்டும். மூடிய சிறு அறையில் பிறர்க்கு அது தலைவலி தரலாம்.

பொட்டும் திருநீறும் திருமண்ணும் என்னாவது? இங்கேதான் வெளிமாநிலத் தமிழரின் கூச்சம் தலைகாட்டுகிறது. நமது விடை எளியது. நாள்தோறும் இட்டுக்கொள்பவர் அன்றும் இட்டுக்கொள்க. என்றும் இடாதவர் அன்று மட்டும் இட வேண்டா. வழக்கமான பொட்டை ஒரு பெண் பேட்டிக்காக அழித்துவிட்டுச் சென்றால், பேசும்போதெல்லாம் அவள் நெற்றி அவளுக்கே வெறிச்சென்று உறுத்தும்.

இதற்கு நெடுநாளைய முன்னோடி ஒருவர் உண்டு. அவரும் புனேயோடு தொடர்புடையவரே. மராட்டிய மாநிலத்துக் கல்யாணில் பிறந்த ஆனந்திபாய் ஜோஷி 1883-இல் தம் பதினெட்டாம் வயதில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1885 அக்டோபர் 10-ஆம் நாள் அங்கு எடுத்த ஒளிப்படம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. அதில் மூன்று மாணவியர் உள்ளனர். ஜப்பானியரான கெய் ஒகாமி கிமோனோவில் இருக்கிறார். சிரியாவைச் சேர்ந்த தாபத் இஸ்லாம்பூலி தம் நாட்டு உடையில் இருக்கிறார். ஆனந்திபாய் புடவையில் இருக்கிறார். 1886 மார்ச்சில் பட்டம் பெற்றுத் திரும்பிய ஆனந்திபாய், மறு ஆண்டு பிப்ரவரியில், இருபத்திரண்டு வயது நிரம்பும் முன்னரே புனேயில் காலமானார்.

அந்தப் பிலடெல்பியா நகரிலேயே மருத்துவர்களின் ஆடை மாறிய கதைக்கும் சான்று உள்ளது. தாமஸ் ஈக்கின்ஸ் என்னும் ஓவியர் 1875-இல் தீட்டிய அறுவை சிகிச்சைக் காட்சியில் மருத்துவர்கள் கறுப்புக் கோட்டு அணிந்து, குருதி படிந்த கையோடு நிற்கின்றனர். 1889-இல் அவரே தீட்டிய மற்றொரு காட்சியில் மருத்துவர்கள் வெள்ளுடையில் உள்ளனர். இடைப்பட்ட ஆண்டுகளில், கிருமிகளே புண்ணைச் சீழ்பிடிக்கச் செய்கின்றன என்ற லிஸ்டரின் கொள்கை வேரூன்றிவிட்டது. அழுக்கை மறைக்கும் நிறம் போய், அழுக்கைக் காட்டிக்கொடுக்கும் நிறம் வந்தது. கதை அத்துடன் நிற்கவில்லை. 2004-இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் மருத்துவர்களின் கழுத்து டைகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழப் பாதியில் நோய்க்கிருமிகள் இருக்கக் கண்டனர். 2008 முதல் இங்கிலாந்து மருத்துவமனைகளில், நோயாளியைத் தொடுவோர் முழங்கைக்குக் கீழே சட்டைக் கையோ கைக்கடிகாரமோ இன்றியிருக்க வேண்டும் என்ற முறை பரவியது. ஆடை நோயாளிக்குத் தீங்கு செய்யலாகாது என்பதே மருத்துவத் துறையின் அக்கறை.

ஆகவே பேட்டிக்குச் செல்லும் மாணவரின் சட்டையைவிட அவருடைய கைகளை நாம் முக்கியமாகக் கருதுகிறோம். நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருக்க வேண்டும், நகப்பூச்சு வேண்டா. மணிக்கட்டில் கோயிற் கயிறுகள் நான்கைந்து நிறம் மங்கிக் கிடக்குமானால், தாயார் மனம் வருந்தாதபடி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கலாம். ஆண்பிள்ளைகள் முடியைக் குட்டையாக வெட்டி, முகத்தை மழித்துச் செல்வது படைத்துறை அவைக்கு ஏற்றது. சீக்கியர் போன்ற சமயநெறி வழக்குடையோர்க்கு இது பொருந்தாது.

பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் நல்ல ஆடைகள் பாழாவது பெரும்பாலும் வழியில்தான். கொல்கத்தாவிலிருந்து ஆசாத் ஹிந்த் விரைவு வண்டியிலோ, தில்லியிலிருந்து ஜீலம் விரைவு வண்டியிலோ வருபவர்கள் ஓரிரவுக்கு மேல் வண்டியில் கழிக்க வேண்டும். அழைப்பு மழைக்காலத்தில் அமைந்தால் புனேயில் தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருக்கும்; மும்பையிலிருந்து கண்டாலா மலைவழியே ஏறி வருவோர் பெருமழையைக் கடந்தே வருவர். பேட்டிக்குரிய ஆடையைப் பயணத்தில் அணியலாகாது. அதை மடித்து, செய்தித்தாள் சுற்றி, நெகிழிப் பையிலிட்டுப் பெட்டியின் மேலடுக்கில் வைக்க வேண்டும். மாற்றுச் சட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். தேநீர் சிந்துவதற்கு நாள் கிழமை இல்லை. காலுறைகள் இரண்டு இணை, ஒரு குடை, ஊசி நூல், இரண்டு பொத்தான் ஆகியவை பெட்டியில் இருக்கட்டும். தங்குமிடத்தில் இஸ்திரிப் பெட்டி கிடைக்குமா என்று முன்பே கேட்டறிக. இல்லையேல் முதல் நாள் மாலையே சலவைக்காரரைத் தேடிவிட வேண்டும்.

காகிதங்களுக்கு ஓர் உறை தனியே இருக்க வேண்டும். கைப்பேசியும் பணப்பையும் சாவிக் கொத்தும் கால்சட்டைப் பையில் புடைத்துத் தெரியலாகாது; உடன் வந்த பெற்றோரிடம் கொடுத்துவிடலாம். அழைப்பிலோ அறிவிப்பிலோ ஆடை பற்றி ஏதேனும் குறிப்பு இருப்பின், நாம் இங்கே கூறியவற்றை விட்டு அதனையே பின்பற்ற வேண்டும்.

இறுதியாக உடற்பரிசோதனை. இதை எண்ணிப் பாராமல் இறுகப் பின்னிய நாடாக்களும் எண்ணற்ற கொக்கிகளும் உள்ள உடையில் சென்று திண்டாடுவோர் உண்டு. படைத்துறை மருத்துவர்கள் உடலை முழுமையாகப் பரிசோதிப்பர். எளிதில் களைந்து எளிதில் அணியத்தக்க உடையும், தூய உள்ளாடையும் அன்றைக்கு வேண்டும். காதிலுள்ள குறும்பியை முன்பே மருத்துவரிடம் சென்று நீக்கிக்கொள்க. படைத்துறைத் தேர்வு அறிவிப்புகள் இதை வெளிப்படையாகவே அறிவுறுத்துவதுண்டு. உடலில் பச்சை குத்தியிருப்பதற்கும் படைத்துறையில் கட்டுப்பாடுகள் உள; எந்தச் சட்டையும் அதை மருத்துவரிடமிருந்து மறைக்காது. மூக்குக் கண்ணாடி அணிபவர் அதையும், அதன் எண் குறித்த சீட்டையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். இவையெல்லாம் முடிந்து தேர்வு பெற்றோர் பட்டியலில் பெயர் வந்துவிட்டால், ஆடை பற்றிய கவலை குடும்பத்தின் கையை விட்டு நீங்குகிறது. சேர்ந்தபின் அவர்கள் அணிவது கல்லூரியின் சீருடை.